மகன் ஏன் இப்படி ஆனான் என்று கேட்கும் அம்மாவுக்கு

கேள்வி: டாக்டர், நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். வீட்டுக்காரர் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர், போனால் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்துத்தான் கரைக்கு வருவார். மூத்த மகனுக்கு 18 வயது. பிளஸ் டூவில் நல்ல மார்க். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் பிள்ளை அவன்தான். கடன் வாங்கி நாகர்கோவில் பக்கம் இன்ஜினியரிங் சேர்த்தோம். முதல் செமஸ்டரிலேயே நான்கு அரியர். மூன்று மாதமாக ஆளே மாறிவிட்டான். பந்து விளையாடப் போவதில்லை. ராத்திரி இரண்டு மணி வரை செல்போன். சோறு பாதியில் எழுந்துவிடுகிறான், தலைவலி என்கிறான், தங்கச்சியிடம் எரிந்து விழுகிறான். போன வாரம் 'நான் இல்லாம இருந்தா உங்களுக்குக் கடனாவது மிச்சமாகும்' என்றான். என் அண்ணன் மனநிலை சரியில்லாமல் சிகிச்சை எடுத்தவர், தம்பி ஒக்கி புயலில் போய்விட்டான், இவன் மாமன் என்றால் உயிராக இருந்தவன். அண்ணனுக்கு வந்ததுதான் இவனுக்கும் வந்துவிட்டதா? செல்போனால்தான் கெட்டான் என்கிறார் இவன் அப்பா. மாமியார் காதல் விவகாரம் என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப் போகச் சொல்கிறார். நான் எங்கே தவறினேன் என்று தெரியவில்லை. படிப்பை நிறுத்திவிடலாமா?

பதில்:

சகோதரி, மற்ற கேள்விகளுக்கு அப்புறம் வருகிறேன். 'நான் இல்லாம இருந்தா கடனாவது மிச்சமாகும்' என்று அவன் சொன்னானே, அதை முதலில் எடுத்துக்கொள்வோம். கோபத்தில் சொன்னான் என்றோ, நம்மை மிரட்டுகிறான் என்றோ அதை விட்டுவிடாதீர்கள். வீட்டாருக்குத் தான் ஒரு பாரம் என்று ஒரு பிள்ளை நினைக்க ஆரம்பிப்பது ஆபத்தான அறிகுறி. இன்றைக்கே, தங்கச்சியும் பாட்டியும் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, அவனருகில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "மக்களே, சாகணும்னு தோணுதா உனக்கு?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று என்னிடம் வருகிற அம்மாக்கள் பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்று இதைப் பற்றிய ஆய்வுகள் தெளிவாகவே காட்டியிருக்கின்றன, யாராவது கேட்டுவிட்டார்களே என்று பிள்ளைகள் பெருமூச்சு விடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவன் ஆமாம் என்றால் உங்களுக்கு அழுகை வரும், வரட்டும், ஆனால் திட்டாதீர்கள், தலையில் அடித்துச் சத்தியம் வாங்காதீர்கள், எங்களை நினைச்சுப் பாத்தியா என்று கேட்காதீர்கள், ஏனென்றால் உங்களை நினைத்துத்தான் அவன் அந்தக் கடன் பேச்சையே பேசியிருக்கிறான்.

எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருப்பதாகச் சொன்னால் அவனைத் தனியே விடாமல் அன்றே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள், ராத்திரி ஆனாலும் அவசரப் பிரிவு இருக்கிறது. வீட்டில் இருக்கிற மருந்து மாத்திரைகள், பூச்சிமருந்து மாதிரியான பொருட்கள் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும், சாவி உங்களிடம் இருக்கட்டும். யாரிடமாவது உடனே பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது, 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். அவனும் பேசலாம், நீங்களும் பேசலாம்.

சரி, இப்போது 'நான் எங்கே தவறினேன்' என்ற கேள்வி. உங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். அப்பாவுக்குப் போன், பாட்டிக்குக் காதல், உங்களுக்கு உங்கள் அண்ணன், கூடவே நீங்களே. இவனுக்கு வந்திருப்பது மனச்சோர்வு, அதாவது டிப்ரஷன் என்றுதான் படுகிறது. அது அப்படி ஒரே காரணத்தால் வருகிற நோய் இல்லை. பிறப்போடு வந்தது கொஞ்சம், சின்ன வயதில் நடந்தது கொஞ்சம், இப்போது நடப்பது கொஞ்சம் என்று பல சுமைகள் சேர்கிறபோது வருவது. ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் 'இதுக்கா இப்படி ஆயிட்டான்?' என்றுதான் தோன்றும். அதனால் யார் காரணம் என்று தேடுவதை விட்டுவிட்டு, இவன்மேல் என்னென்ன சுமை இருக்கிறது, அதில் எதை நம்மால் இப்போது இறக்கிவைக்க முடியும் என்று பாருங்கள்.

உங்கள் அண்ணனிலிருந்து ஆரம்பிக்கிறேன், அதுதான் உங்களை அதிகமாக அரிக்கிறது என்று கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. பெற்றோருக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ மனச்சோர்வு வந்திருந்தால் ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்கு. மாமா என்பது அதைவிடத் தள்ளிய உறவு, வாய்ப்பும் அதற்கேற்பக் குறைவு. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் மனச்சோர்வுக்குப் பரம்பரையின் பங்கு நூற்றுக்கு நாற்பதுக்குள்தான் வருகிறது, மிச்சமெல்லாம் வாழ்க்கை. ஆக, அண்ணனுக்கு வந்தது அப்படியே மருமகனுக்கு இறங்கிவிடவில்லை. ஆனால் ஒரு உதவி செய்யுங்கள். அண்ணனுக்கு என்ன நோய் என்று சொன்னார்கள், என்ன மாத்திரை கொடுத்தார்கள் என்று பழைய சீட்டுகளைத் தேடி எடுத்து வையுங்கள். சில நாள் தூக்கமே இல்லாமல், அளவுக்கு மீறிய உற்சாகமும் பேச்சும் செலவுமாக இருந்து, பிறகு சில மாதம் முடங்கிக் கிடப்பது என்று அவருக்கு மாறி மாறி வந்திருந்தால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அந்தக் குடும்ப வரலாறு உள்ள பிள்ளைக்கு மனச்சோர்வு மாத்திரையை யோசித்துத்தான் எழுத வேண்டும், சிலருக்கு அது மனநிலையை எதிர்ப்பக்கம் தூக்கிவிட்டுவிடும். வெட்கப்பட்டு இதை மறைத்துவிடாதீர்கள்.

வயதும் ஒரு காரணம். மனநோய்களில் ஏறத்தாழப் பாதி 18 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வரை வளரிளம் பருவம் என்கிறது, உங்கள் மகன் அதற்குள்தான் இருக்கிறான். உடம்பு ஆம்பிளையாகிவிட்டது, ஆனால் உணர்ச்சியை நிதானிக்கிற மூளைப்பகுதி இன்னும் வளர்ந்து முடியவில்லை. இந்த வயதில் பெண்பிள்ளைகளுக்கு ஆண்பிள்ளைகளைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு மனச்சோர்வு வருகிறது, ஆனால் எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் தற்கொலையில் உயிர் போவது ஆண்களில்தான் அதிகம். பையன்கள் அழ மாட்டார்கள், சொல்ல மாட்டார்கள், எரிந்து விழுவார்கள். தங்கச்சியிடம் அவன் காட்டுகிற கோபத்தைத் திமிர் என்று நினைக்காமல் அறிகுறி என்று எடுத்துக்கொள்ளுங்கள். தலைவலியும் அப்படித்தான், சும்மா சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம், வலி நிஜமாகவே இருக்கும்.

கடிதத்தில் ஒரே வரியில் கடந்து போன விஷயம் ஒன்று இருக்கிறது. ஒக்கி. 2017 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் அடித்தபோது இவனுக்குப் பத்து வயது இருக்கும். உங்கள் தம்பியின் உடல் கிடைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் கரையில் உடல் கிடைக்காத வீடுகள் எத்தனையோ இருந்தன, அந்த வீடுகளில் துக்கம் எப்போது முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அடக்கம் செய்ய ஆள் இல்லை, ஒருவேளை வேறு கரையில் ஒதுங்கி உயிரோடு இருப்பாரோ என்ற நினைப்பும் போகவில்லை, பெரியவர்கள் அரசு அலுவலகத்துக்கும் கோவிலுக்கும் போராட்டத்துக்குமாக அலைந்தார்கள். அந்த நாட்களில் பத்து வயதுப் பிள்ளைகளிடம் யார் உட்கார்ந்து பேசினார்கள்? சின்ன வயதில் நெருங்கிய ஒருவரை இப்படித் திடீரென்று இழப்பது பிற்காலத்தில் மனச்சோர்வு வருவதற்கான காரணிகளில் ஒன்று. அதற்கு மேல் இவனுக்கு இன்னொன்றும் இருக்கிறது, மாமனைக் கொண்டுபோன அதே கடலுக்கு அப்பா இன்னும் போய்க்கொண்டிருக்கிறார். மழை பெய்தால், காற்று எச்சரிக்கை வந்தால், இவன் வகுப்பில் உட்கார்ந்து கணக்குப் பாடத்தையா கேட்டுக்கொண்டிருப்பான்? இதை அவனிடம் பேசுங்கள். மாமாவைப் பற்றிப் பேசுங்கள். அழுதால் இரண்டு பேரும் சேர்ந்து அழுங்கள்.

அடுத்தது கல்லூரி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முதல் ஆளாக இருந்தவன், இங்கே வந்து அறுபது பேரில் ஒருவன். தமிழ் மீடியத்தில் படித்தானா என்று நீங்கள் எழுதவில்லை, படித்திருந்தால் முதல் செமஸ்டரில் கணக்கும் இயற்பியலும் ஆங்கிலத்தில் வந்து மோதியிருக்கும். பாடம் புரியாதது ஒரு பக்கம், புரியவில்லை என்று எழுந்து கேட்க வெட்கம் இன்னொரு பக்கம். நம் மாவட்டத்தில் கடற்கரைப் பிள்ளைகளின் பேச்சைக் கேலி செய்வதும் நடக்கத்தான் செய்கிறது, வாயைத் திறந்தால் சிரிப்பார்களே என்று வகுப்பில் பேசாமலே முதல் வருடத்தைக் கழித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், அந்தக் கேலியைச் செய்கிறவர்களுக்கு அது விளையாட்டு, படுகிறவனுக்கு அது ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். சீனியர்களின் தொந்தரவு ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராக 1997லேயே சட்டம் வந்துவிட்டது, பல்கலைக்கழக மானியக் குழுவின் 1800-180-5522 என்ற எண்ணில் எந்த நேரமும் புகார் சொல்லலாம்.

இதோடு, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. அரியர் என்றால் என்ன, அதை எப்போது எழுதலாம் என்பதைச் சொல்ல ஒரு அண்ணனோ அக்காவோ இருந்திருந்தால் பாதி பயம் போயிருக்கும். நான்கு அரியர் விழுந்தவுடன் வாழ்க்கையே முடிந்தது என்று அவன் நினைத்திருக்கக்கூடும். அண்ணா பல்கலைக்கழக விதியில் நான்கு வருட இன்ஜினியரிங் படிப்பை முடிக்க ஏழு வருடம் வரை அவகாசம் உண்டு. முதல் வருடத்தில் கணக்கில் விழுந்து, பிறகு தேறி, இன்று நல்ல வேலையில் இருக்கிறவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள், அப்படி ஒருவரைத் தேடிப் பிடித்து அவனோடு பேச வையுங்கள். நான் சொல்வதைவிட அவர் சொல்வது அவனுக்கு உறைக்கும்.

கடனைப் பற்றி. வங்கியில் வாங்கிய கல்விக்கடன் என்றால் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை ஆரம்பிக்கும், அதை அவனிடம் சொல்லுங்கள். எனக்குக் கவலை வேறு கடன்களைப் பற்றி. நகையை அடகு வைத்தீர்களா, குழுக் கடன் எடுத்தீர்களா, வாராவாரம் வசூலுக்கு வீட்டு வாசலில் வந்து நின்று பேசுகிறார்களா? அந்தச் சத்தம் உள்அறையில் படுத்திருக்கிறவனுக்குக் கேட்கும். 'உனக்காகத்தான் இவ்வளவு கஷ்டப்படுகிறோம், நீ படிச்சுக் கரையேறணும்' என்று நாம் அன்பாகத்தான் சொல்கிறோம், ஆனால் அரியர் வைத்திருக்கிற பிள்ளையின் காதில் அது வேறு மாதிரி விழும். கொஞ்ச நாளைக்கு இந்தப் பேச்சை நிறுத்துங்கள். அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வர வேண்டும், வருகிறதா என்று கல்லூரியில் கேட்டுப் பாருங்கள். பெரிய தொகை இல்லைதான், ஆனாலும் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் அம்மாவிடம் கை நீட்டாமல் இருப்பது அந்த வயதில் பெரிய விஷயம்.

போனுக்கு வருவோம். அவன் அப்பா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, முழுவதும் இல்லை. மனச்சோர்வு உள்ளவனுக்குத் தூக்கம் வராது, தூக்கம் வராதவன் போனை எடுப்பான், போனைப் பார்ப்பதால் இன்னும் தூக்கம் கெடும். எது முதலில் வந்தது என்று இப்போது பிரிக்க முடியாது. பதின்ம வயதில் உடம்பின் தூக்கக் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப் போய்விடும், பத்து மணிக்குப் படு என்றால் அவனுக்குத் தூக்கம் வராது, ஆனால் கல்லூரி பஸ் உங்கள் ஊருக்கு விடியற்காலையில் வந்துவிடும். அந்த வயதுக்கு எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும், இவன் நான்கு மணி நேரம்கூடத் தூங்கவில்லை போலிருக்கிறது. தூக்கமின்மை மனச்சோர்வின் விளைவு மட்டுமில்லை, அதுவே அதைக் கொண்டுவருகிற காரணியும்கூட, நம் கையில் இருக்கிற காரணிகளில் முக்கியமானதும் இதுதான். ஆனால் போனைப் பிடுங்காதீர்கள். அவனுக்கு வெளியே மிஞ்சியிருக்கிற ஒரே தொடர்பு அதுவாக இருக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் வீட்டில் எல்லார் போனும், உங்களுடையதும் சேர்த்து, ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும் என்று பேசி முடிவு செய்யுங்கள்.

காதல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்து முறிந்திருந்தால் அதுவும் ஒரு சுமை, அவ்வளவுதான். மாமியாரிடம் விசாரணை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குடியோ கஞ்சாவோ புகையிலையோ பழகியிருக்கிறானா என்று டாக்டர் தனியாகக் கேட்டுக்கொள்வார், அப்போது நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள், 18 முடிந்தவன், அவன் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே சொல்கிறது.

இது மனச்சோர்வுதானா என்று கேட்டால், கடிதத்தை வைத்து முடிவு சொல்ல மாட்டேன், ஆனால் அப்படித்தான் படுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல், நாளில் பெரும்பகுதி, மனம் கசந்துபோயோ எதிலும் பிடிப்பில்லாமலோ இருந்து, கூடவே தூக்கம், பசி, கவனம், தெம்பு எல்லாம் கெட்டிருந்தால் அதை மனச்சோர்வு என்போம். உங்கள் ஊரில் பந்து என்றால் சோறு தண்ணி மறந்து போகிற பிள்ளைகள், அந்த ஊர்ப் பையன் மூன்று மாதமாக மைதானத்துக்குப் போகவில்லை என்பது எனக்கு அரியரைவிடப் பெரிய தகவல். தைராய்டு குறைபாடு, ரத்தச்சோகை, பி12 குறைவு ஆகியவையும் இதே மாதிரி ஆளைச் சோர்த்துப் போடும், அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள்.

ஆசாரிப்பள்ளத்தில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் வர முடியாவிட்டால் மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறார் என்று கேட்டுப் போங்கள். லேசான அளவு என்றால் பேச்சுவழிச் சிகிச்சையே போதும். மாத்திரை தேவைப்பட்டால் பயப்படாதீர்கள், அடிமையாக்குகிற மருந்து இல்லை. ஆனால் மூன்று விஷயம் ஞாபகம் இருக்கட்டும். போட்ட மறுநாளே பலன் தெரியாது, நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களில் சிலருக்கு ஆரம்ப வாரங்களில் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடலாம், அதனால் அந்த நாட்களில் பக்கத்தில் இருந்து கவனியுங்கள், மாற்றம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நல்லாகிவிட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டியிருக்கும்.

ஜெபத்துக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். அவனுக்கு விருப்பம் இருந்தால் தாராளமாகக் கூட்டிப் போங்கள், நம்பிக்கை பலரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. ஆனால் ஏற்கனவே பாதிச் சோற்றில் எழுந்திருக்கிற பிள்ளையை உபவாசம் இருக்க வைக்காதீர்கள், அவன் பாவம் செய்ததால்தான் இது வந்தது என்று சொல்கிற யாரிடமும் அவனைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போவதை அதற்காகத் தள்ளியும் போடாதீர்கள். உங்கள் பங்குத்தந்தை நல்லபடியாகப் பேசக்கூடியவர் என்றால் அவரிடம் விஷயத்தைச் சொல்லி, மருத்துவமனைக்குக் கூட வரச் சொல்லுங்கள். சாமியாரே வந்து டாக்டரைப் பார் என்றால் மாமியாரும் வாயை மூடிக்கொள்வார்.

படிப்பை நிறுத்தும் முடிவை இப்போது எடுக்காதீர்கள். மனச்சோர்வில் இருக்கிறவன் 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்றுதான் சொல்வான், அந்த நேரத்தில் படிப்பை நிறுத்தினால் அதை நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சிகிச்சை ஆரம்பித்து இரண்டு மாதம் போகட்டும். உடம்புக்கு முடியாமல் கொஞ்ச காலம் இடைவெளி எடுக்கவும் விதியில் வழி உண்டு, டாக்டர் சான்றிதழோடு கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். வகுப்பு ஆசிரியர்களில் அவனுக்குப் பிடித்தவர் யார் என்று கேட்டு, அவரை மட்டும் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். இந்த இன்ஜினியரிங் அவன் கேட்டதா, நீங்கள் சேர்த்ததா என்பதையும் அவன் கொஞ்சம் தெளிந்த பிறகு பேசலாம், வேறு படிப்புக்கு மாறினாலும் குடி முழுகிவிடாது.

கடைசியாக அவன் அப்பா. ஜூன் முதல் தேதியிலிருந்து ஜூலை கடைசி வரை மேற்குக் கரையில் தடைக்காலம், அவர் வீட்டில் இருப்பார். ஆஸ்பத்திரிக்குப் போவதை அதுவரை தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே நீங்கள் கூட்டி வந்துவிடுங்கள், அடுத்த தடவை வரும்போது அவரையும் அழைத்து வாருங்கள். போனைப் பற்றியும் மார்க்கைப் பற்றியும் பேசாமல், சாயங்காலம் மகனோடு மைதானத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வரச் சொல்லுங்கள், விளையாடாவிட்டால் பரவாயில்லை. கடலில் அவருக்கு வருகிற பயத்தை, மச்சானைப் பறிகொடுத்த துக்கத்தை அவரும் இதுவரை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார், அதை மகனிடம் சொல்லலாம் என்று அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வரும்போது அண்ணனின் பழைய மருந்துச் சீட்டு, மகனின் ஆதார் அட்டை, அவன் இப்போது ஏதாவது மாத்திரை சாப்பிட்டால் அது, மூன்றையும் எடுத்து வாருங்கள்.